நெற்றிக்கண் திறக்கும் நாவலாசிரியர்கள்

தோழனே!

இந்த ஞாயிறு உன்னிடம் ஒரு கொலையைப் பற்றிப் பேசப் போகிறேன். பதறாதே! குருதி கொட்டவில்லை, பிணம் விழவில்லை, நீதிமன்றம் கூடவில்லை. கொலையுண்டவராகக் காட்டப்பட்டவர் அதற்குப் பின்னும் 11 ஆண்டுகள் உயிரோடு இருந்தார்; உரக்கப் பேசினார், ஊரைக் கூட்டி வாதாடினார். கொலை நடந்த இடம் ஒரு நாவல். கொலைக் கருவி பேனா. கொல்லப்பட்டவர் செய்த குற்றம்? நாவல்களைப் பற்றிக் கருத்துரைத்தது!

2002ஆம் ஆண்டு, மே திங்கள் 29ஆம் நாள். ஜெர்மனியின் பெரிய நாளேடுகளில் ஒன்றான பிராங்க்பர்ட்டர் அல்கமைனே ஏட்டில் ஒரு வெளிப்படையான கடிதம் வெளிவந்தது. எழுதியவர் அந்த ஏட்டை நடத்துவோரில் ஒருவரான பிராங்க் ஷிர்மாக்கர். யாருக்கு எழுதினார்? மார்ட்டின் வால்சருக்கு. வால்சர் என்றால் அந்நாட்டில் அறியாதார் இல்லை. 1927இல் பிறந்தவர், போருக்குப் பிந்திய ஜெர்மானிய இலக்கியத்தின் முன்வரிசை எழுத்தாளர். 75 வயதில் புதியதொரு நாவலை எழுதி, முன்னைய நாவல்களைப் போல இதையும் தொடராக வெளியிடுங்கள் என்று ஏட்டுக்கு அனுப்பியிருந்தார். வெளியிட மாட்டோம் என்றது கடிதம். நூல் கடைக்கு வருமுன்னரே, மக்கள் ஒரு வரியும் படிக்குமுன்னரே, நாடே இரண்டு அணியாகப் பிரிந்து நின்றது.

நாவலின் தலைப்பு, ‘ஒரு திறனாய்வாளரின் மரணம்’.

கதை என்ன தெரியுமா? தொலைக்காட்சியில் புத்தகங்களுக்குத் தீர்ப்பு வழங்கும் ஒரு பெரும்புள்ளி. பெயர் ஆந்த்ரே ஏர்ல்-கோனிக். ஒரு நாள் ஹான்ஸ் லாக் என்ற எழுத்தாளரின் நூலை நிகழ்ச்சியில் கிழித்துத் தோரணம் கட்டுகிறார். அன்றிரவு விருந்தில் லாக் வந்து மிரட்டுகிறார். மறுநாள் திறனாய்வாளரைக் காணவில்லை; குருதிக்கறை படிந்த அவருடைய மஞ்சள் நிறப் பின்னலாடை மட்டும் கிடைக்கிறது. லாக் சிறையில் அடைக்கப்படுகிறார். முடிவில் பார்த்தால், கொலையும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை! பெருமகனார் ஒரு மாளிகையில் காதலியோடு களித்திருந்துவிட்டுத் திரும்பி வருகிறார்.

அந்தப் பெயரைக் கொஞ்சம் கவனி. ‘ஏர்ல்-கோனிக்’ என்றதும் ஜெர்மானியச் சிறுவனுக்கும் நினைவுக்கு வருவது கதே பாடிய பேயரசன். தகப்பன் மடியிலிருக்கும் பிள்ளையின் உயிரைப் பறிக்கும் அந்தப் பேய். பெயரிலேயே பேய்! பேச்சோ, அயல் வாடை வீசும் உச்சரிப்பு. அதை எழுத்தெழுத்தாக அச்சிட்டுக் கேலி. இவ்வளவு அடையாளமும் போதாதென்றால், ஜெர்மனியில் அன்று தொலைக்காட்சியில் புத்தகங்களைப் பற்றி இடியென முழங்கியவர் எத்தனை பேர்? ஒருவர்தான். மார்செல் ரைஷ்-ரானிக்கி.

இருவருக்கும் பகை மூண்டது எப்போது? 1976 மார்ச்சில். ‘காதலுக்கு அப்பால்’ என்று பொருள்படும் தலைப்பில் வால்சர் எழுதிய நாவலை ரைஷ்-ரானிக்கி அதே பிராங்க்பர்ட்டர் ஏட்டில் அலசினார். அலசினார் என்பது மென்மையான சொல். அடித்துத் துவைத்து, பிழிந்து, கொடியில் போட்டார். ஓர் அத்தியாயம் வேண்டாம், ஒற்றைப் பக்கம் கூடப் படிக்கத் தகாதது என்று தீர்ப்பெழுதினார். கொடுமையான சொல்தான், மறுக்கவில்லை. ஆனால் தோழனே, இரண்டே ஆண்டில் நடந்ததைக் கேள். 1978இல் வால்சர் ‘தப்பியோடும் குதிரை’ என்ற குறுநாவலைத் தந்தார். அதே ரைஷ்-ரானிக்கி, அதே ஏட்டில், அதைத் தலைமேல் தூக்கிவைத்துக் கொண்டாடினார். திட்டியதும் அந்த நாக்கே, புகழ்ந்ததும் அந்த நாக்கே. புகழ்ச்சி ஆறு திங்களில் ஆவியாகிவிட்டது போலும்; ஏச்சு மட்டும் 26 ஆண்டுகள் எரிந்துகொண்டே இருந்திருக்கிறது.

ரைஷ்-ரானிக்கி சாது அல்லர். அதையும் சொல்லத்தான் வேண்டும். 1988 முதல் 2001 வரை அவர் நடத்திய ‘இலக்கிய நால்வர்’ என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஒரு நூலைப் புகழ்ந்தால் மறுநாள் கடைகளில் குவியல் கரையும். இகழ்ந்தால் எழுதியவன் தலையில் துண்டு. 1995இல் கிராஸ் எழுதிய பெருநாவலை அவர் இரண்டாகக் கிழிப்பது போன்றதொரு படத்தை டெர் ஸ்பீகல் வார ஏடு அட்டையில் போட்டது. ஒருவன் ஆண்டுக்கணக்கில் கண்விழித்து எழுதியதை இன்னொருவன் நாற்காலியில் சாய்ந்து நாலு நிமிடத்தில் நாசம் செய்வதா என்று எழுத்தாளன் குமுறினால், அந்தக் குமுறலில் நியாயம் உண்டு. வால்சரும் அதைத்தான் சொன்னார்: நான் எழுதியது தொலைக்காட்சிக் காலத்தில் ஒருவரிடம் குவியும் அதிகாரத்தைப் பற்றி, வேறெதையும் பற்றியல்ல.

அந்த ‘வேறெது’ என்ன? அங்கேதான் கதையின் கனம் இருக்கிறது.

ரைஷ்-ரானிக்கி 1920இல் போலந்தில் பிறந்த யூதர். பெர்லினில் பள்ளிப் படிப்பு. ஜெர்மானிய இலக்கியத்தின் மீது அடங்காத காதல். 1938இல் இட்லரின் ஆட்சி அவரைப் போலந்துக்கு விரட்டியது. பிறகு போர். வார்சா நகரில் யூதர்களை மதிலெழுப்பி அடைத்துவைத்த பகுதியில் அவரும் அடைபட்டார். பெற்றோர் ட்ரெப்ளிங்கா கொலைக்களத்தில் மாண்டனர். 1943இல் அவரும் மனைவியும் தப்பி ஓடி, வார்சாவின் புறத்தே ஒரு போலந்துக்காரர் வீட்டில் ஒளிந்தனர். அந்த வீட்டுக்காரர் யார் தெரியுமா? வேலையிழந்த ஓர் அச்சுக்கோப்பாளர்! ஆமாம், நம் ஏட்டின் ஈய எழுத்துகளை அன்று கையால் பொறுக்கி அடுக்கிய தோழர்களைப் போன்ற ஒருவர். காட்டிக்கொடுத்தால் காசு, காத்தால் தலைபோகும். அந்த மனிதர் காத்தார். விருந்தாளி என்ன கைம்மாறு செய்தார்? இருண்ட இரவுகளில் கதை சொன்னார். கதேயையும் ஷில்லரையும் ஷேக்ஸ்பியரையும் தான் படித்த நினைவிலிருந்து எடுத்து, சுவை குன்றாமல், நாளுக்கொரு கதையாகச் சொன்னார். கதை கேட்கும் ஆவல் உள்ளவரை கதவு திறந்திருக்கும் அல்லவா? இலக்கியம் உயிரைக் காக்குமா என்று மேடையில் கேட்பார்கள். இந்த மனிதரின் உயிரைக் காத்த கரங்களில் அதுவும் ஒன்று.

இப்படிப்பட்டவரைப் போன்ற ஒரு பாத்திரம் நாவலில் காணாமல் போகிறது. கொலை செய்யப்பட்டார் என்று ஊர் பேசுகிறது. அப்போது அந்தப் பாத்திரத்தின் மனைவி சொல்கிறாள், கொல்லப்படுவது அவர் இயல்புக்குப் பொருந்தாது என்று! சொந்த பந்தமெல்லாம் கொலைக்களம் போக, தான் மட்டும் எப்படியோ பிழைத்த ஒரு மனிதனுக்கு அந்த வரி என்ன செய்யும்? சிரிக்கத் தோன்றுமா உனக்கு? ஷிர்மாக்கர் தன் கடிதத்தில் சுட்டிக்காட்டிச் சீறியது இதைத்தான்.

நாவல் அந்த ஆண்டு ஜூனில் சூர்காம்ப் பதிப்பகத்தின் வழியே வெளிவந்தது. பரபரப்பின் தயவில் பரபரவென்று விற்றது. யூத வெறுப்பு நூல் என்றனர் ஒரு சாரார். வெறுப்பு நூலல்ல, வெறும் மட்டமான நூல் என்றனர் மற்றொரு சாரார். வால்சரின் நெஞ்சுக்குள் புகுந்து பார்க்க எனக்கு வல்லமை இல்லை. 1998இல் பிராங்க்பர்ட்டின் பவுல் தேவாலய மண்டபத்தில் அமைதிப் பரிசு பெற்றுப் பேசுகையில், ஆஷ்விட்சை எங்கள் தலைமேல் ஓங்கும் தடியாக்குகிறார்கள் என்ற பொருள்பட அவர் பேசியதும், யூத அமைப்புகளின் தலைவர் இக்நாட்ஸ் பூபிஸ் அதை அறிவுலகத்தில் தீவைக்கும் செயல் என்று கண்டித்ததும் மக்கள் மனத்தில் அப்போது ஆறாமல் இருந்தன என்பதை மட்டும் சொல்கிறேன். நான் கேட்கும் கேள்வி வேறு. ஒரு திறனாய்வாளரின் தீர்ப்பு தவறு என்று காட்ட விரும்பினால், தீர்ப்பை எடுத்து வை, தவறைக் காட்டு. அவர் மூக்கு எதற்கு? அவர் உச்சரிப்பு எதற்கு? அவர் தப்பிப் பிழைத்த சாவு எதற்கு? தீர்ப்புக்கு விடை கிடைக்காதபோதுதானே கை உடலைத் தேடிப் போகிறது!

பாண்டியன் அவையில் இறையனார் பாட்டில் பிழை கண்ட நக்கீரர் கதை நமக்குப் பழகிய கதை. பாட்டுக்கு விளக்கம் தந்து வெல்ல முடியாத கடவுள் என்ன செய்தார்? நெற்றிக்கண்ணைத் திறந்தார்! கடவுளென்றால் கண்ணைத் திறக்கலாம், கேட்பாரில்லை. நாவலாசிரியனும் தன் நாவலுக்குள் கடவுள்தான். யாரைப் படைக்கலாம், யாரைக் கெடுக்கலாம், யாருக்குத் தொழுநோய் தரலாம், எல்லாம் அவன் கையில். (நம் நாட்டுக் கதைகளில் இதற்கு நேர்மாறும் உண்டு. பிழைபட்ட பாட்டுக்குக் குட்டு வைத்த பிள்ளைப்பாண்டியன், காதைத் தோண்டிய வில்லிபுத்தூரார், தலையையே கொய்த ஒட்டக்கூத்தர் என்று கர்ணபரம்பரையாகச் சொல்வார்கள். அந்தக் காலத்தில் பிறந்திருந்தால் நானெல்லாம் காதில்லாமல்தான் மேடையேற வேண்டியிருக்கும்!)

ஜெர்மானியர் செய்ததாவது நாவல் முழுவதையும் செலவிட்டுச் செய்த வேலை. அமெரிக்காவில் ஒருவர் இரண்டொரு பக்கத்தில் முடித்துவிட்டார். டைனோசார்களை உயிர்ப்பித்த மைக்கேல் கிரைட்டனைத்தான் சொல்கிறேன். மருத்துவம் படித்தவர், கோடிக்கணக்கில் நூல் விற்றவர். 2004இல் புவி வெப்பமாதல் பற்றிய அச்சம் மிகையானது என்று வாதிடும் ஒரு நாவலை எழுதினார். கதை எழுதியவரைக் கருத்துரைக்க அழைத்தது அமெரிக்க மேலவைக் குழு. 2005 செப்டம்பரில் போய்ச் சான்றுரைத்தார். வாஷிங்டனில் அரசியல் எழுதும் மைக்கேல் குரோலி என்ற இதழாளர், 2006இல் நியூ ரிப்பப்ளிக் இதழில், இவருடைய இந்தச் செல்வாக்கைக் கடுமையாகக் கண்டித்தார். அதே ஆண்டின் இறுதியில் கிரைட்டனின் அடுத்த நாவல் வந்தது. அதில் ஒரு மூலையில் தோன்றுகிறான் மிக் குரோலி என்பவன். வாஷிங்டனில் அரசியல் எழுதுபவன். குரோலி படித்த அதே யேல் பல்கலைக்கழகத்தில் படித்தவன். அவன் செய்யும் குற்றம், ஒரு பச்சிளங் குழந்தைக்கு இழைக்கும் வன்கொடுமை. இந்த ஏட்டில் அதை விரித்தெழுதக் கை கூசுகிறது.

அதோடு விட்டாரா? அந்தப் பாத்திரத்துக்கு, ஓர் ஆண் வெளியில் சொல்ல நாணும் உடற்குறை ஒன்றையும் ஒட்டிவைத்தார். எதற்கென்றால், அங்கே நாவலாசிரியர்களிடையே வழக்கறிஞர் வழியாகப் பரவிய ஒரு தந்திரம் உண்டு. உண்மை மனிதனைப் பாத்திரமாக்கி இழிவு செய்யும்போது அந்தக் குறையைச் சேர்த்துவிடு. வழக்குத் தொடுக்க வருபவன் ‘அந்தப் பாத்திரம் நான்தான்’ என்று நீதிமன்றத்தில் கூண்டேறிச் சொல்ல வேண்டுமே! சொல்வானா? குரோலி வழக்குமன்றம் போகவில்லை. அந்தத் தந்திரத்தின் பெயரையே வெளியிட்டு, நடந்ததைத் தன் இதழில் எழுதினார். தட்பவெப்பம் பற்றி அவர் எழுப்பிய கேள்விகளுக்கு அந்த நாவலில் ஒரு வரி விடையுண்டா என்று தேடிப் பார். கிடையாது. நோயைச் சொன்ன மருத்துவனை நாயை விட்டுக் கடிக்கச் செய்தால் நோய் தீருமா?

அப்படியானால் கதையில் திறனாய்வாளனைக் கொண்டுவருவதே கூடாதா? அப்படிச் சொல்ல நான் மடத்துத் தம்பிரான் அல்லன். பிலிப் ராத் செய்ததைப் பார். 1969இல் அவர் எழுதிய ‘போர்ட்னாயின் முறையீடு’ உலகையே குலுக்கியது. இர்விங் ஹோ என்ற பெருந்திறனாய்வாளர், ராத்தின் தொடக்க நூலை மனமாரப் பாராட்டியவர், 1972இல் காமென்ட்டரி இதழில் எழுதிய நீண்ட கட்டுரையில், அந்நூலுக்குச் செய்யக்கூடிய பெருங்கொடுமை அதை இருமுறை படிப்பதே என்று குத்தினார். ராத் பதினோராண்டு பொறுத்து, 1983இல் ‘உடற்கூற்றுப் பாடம்’ எழுதினார். அதில் வரும் மில்ட்டன் ஆப்பெல் என்ற திறனாய்வாளரின் பின்னே நிற்பவர் ஹோ என்பதை அறியாத இலக்கிய வாசகன் இல்லை. ஆனால் ஏச்சையெல்லாம் ஏசுபவன் ஆப்பெல் அல்ல. கதைநாயகனான எழுத்தாளன் சக்கர்மேன். கழுத்து வலியில் துடித்து, மருந்தில் மிதந்து, தொலைபேசியில் ஆப்பெலை அழைத்துக் கத்துகிறான். எதிர்முனையில் ஆப்பெல் நிதானமாகவே பேசுகிறார். ஆத்திரம் தீராமல், ஆபாச இதழ் நடத்துபவன் நான், என் பெயர் ஆப்பெல் என்று விமானத்தில் அயலாரிடம் அளக்கிறான். கடைசியில் இடுகாட்டில் விழுந்து தாடை உடைந்து, வாயைக் கம்பியால் கட்டிய நிலையில் மருத்துவமனையில் கிடக்கிறான். பழிவாங்கப் புறப்பட்டவனுக்கே பேச்சடைத்துப் போகிறது! ஹோ மனம் நொந்திருப்பார், சந்தேகமில்லை. எனினும் எய்தவனையும் துளைத்த அம்பு அது. அதனால்தான் அந்த நாவல் சண்டை மறைந்த பிறகும் நிற்கிறது.

நாவலையாவது ஒருவன் தனியே உட்கார்ந்து படிக்கிறான்; இடையில் நிறுத்தி, இது நியாயமா என்று எண்ணவும் அவனுக்கு நேரமுண்டு. மேடை அப்படியா? என் தொழில் மேடை என்பதால் இதைச் சொல்கிறேன். கி.மு. 423இல் ஏதென்சு நகரில் அரிஸ்டோபனீசின் ‘மேகங்கள்’ நாடகம் நடந்தது. சாக்ரடீசு கூடையில் தொங்கியபடி வானத்தை ஆராயும் கோமாளியாக மேடைக்கு வந்தார். அது பழிவாங்க எழுந்த நாடகமல்ல. புலவர் அறிவாளியைப் பரிகசித்தார், ஊர் வயிறு குலுங்கச் சிரித்தது, கலைந்து சென்றது. 24 ஆண்டு கழித்து, கி.மு. 399இல், சாக்ரடீசு குற்றவாளிக் கூண்டில் நின்றார். பிளேட்டோ எழுதிவைத்தபடி, அன்று அவர் அஞ்சியது எதிரே நின்ற குற்றஞ்சாட்டியவரை மட்டுமல்ல. நடுவர்கள் சிறுவயதிலிருந்தே தன்னைப் பற்றிக் கேட்டு வளர்ந்த பழியை. அந்தப் பழிக்கு அவர் காட்டிய சான்று, நகைச்சுவைப் புலவரின் அந்த நாடகம். கூட்டத்தோடு சிரித்த சிரிப்பு சாட்சியாக மாறி நடுவர் ஆசனத்தில் உட்கார்ந்துவிட்டது. குறுக்கு விசாரணை செய்ய முடியாத சாட்சி!

எதற்கு இந்தக் கதையெல்லாம் என்று கேட்பாய். நம் நாடகத்தைப் பற்றி ஒரு திறனாய்வாளர், மேடைப் பேச்சுக்கு மீசை ஒட்டி நாடகம் என்கிறார்கள் என்று எழுதினார். படித்த நம் தோழர் ஒருவர் வேனில் ஊர் திரும்பும்போது கொதித்தார். “அண்ணே! அடுத்த நாடகத்தில் வட்டிக்கடைக் கணக்குப்பிள்ளை வருகிறான் அல்லவா? அவனுக்கு அந்த ஆளின் சோடாப்புட்டிக் கண்ணாடி, அதே இருமல், அதே ஜோல்னாப் பை! முதல் காட்சியிலேயே கொட்டகை அதிரும், பாருங்கள்!” என்றார். அதிரும்தான். அதில் எனக்கு ஐயமே இல்லை. நான் கேட்டேன்: “அவரை மேடையேற்றினால் அவர் சொன்ன வசனத்தையும் ஏற்ற வேண்டும். மீசை வசனத்தைச் சொல்லும்போது கொட்டகை அவருக்குக் கைதட்டிவிட்டால் என்னடா செய்வாய்?” வேன் அடுத்த ஊர் தாண்டும் வரை தம்பி வாய் திறக்கவில்லை.

ஆள்வோரை நையாண்டி செய்யாதே என்று யாருக்கும் நான் சொல்ல மாட்டேன். கோட்டையில் இருப்பவனுக்குக் காவல்துறை உண்டு, சிறை உண்டு, பட்டம் பதவி உண்டு. நாடகக்காரனுக்கு இருப்பது நையாண்டி ஒன்றுதான். அந்த ஆயுதத்தை எடுத்துக்கொண்டு, கையில் ஒரு பத்தி மட்டுமே வைத்திருக்கும் ஒருவரை விரட்டப் போவது வீரமா? இடித்துரைப்போரைத் துணையாகக் கொள்ளச் சொன்ன வள்ளுவர் படத்தை மேடை நடுவே மாட்டிவிட்டு, குறை சொன்னவரைக் கைக்கூலி என்று ஒலிபெருக்கியில் கூவும் கூட்டங்களை நீயும் பார்த்திருக்கிறாய். பாட்டு நன்றாக இல்லை என்றால் பகைவன், வசனம் நீளம் என்றால் துரோகி. இப்படியே போனால் நம்மைப் பார்க்க வருபவர்கள் நம்மைப் புகழ மட்டுமே வருவார்கள். பிறகு, கொட்டகையில் எவன் கொட்டாவி விடுகிறான் என்று நமக்கு யார் சொல்வது?

ஜெர்மானியக் கதையின் மிச்சத்தைச் சொல்லி விடைபெறுகிறேன். 2012ஆம் ஆண்டு, சனவரி 27. நாஜிகளால் மாண்டோரை நினைவுகூரும் நாள். பெர்லினில் ஜெர்மனியின் நாடாளுமன்றம் கூடியிருந்தது. 91 வயது ரைஷ்-ரானிக்கி, தளர்ந்த உடலோடு பேச வந்தார். இலக்கியம் பேசவில்லை. 1942 சூலை 22ஆம் நாளைப் பற்றிப் பேசினார். அன்று வார்சா யூதர் மன்றத்துக்குள் இட்லரின் படையினர் நுழைந்து, அங்குள்ள யூதர்களைக் கிழக்கே குடிபெயர்ப்பதாக ஆணை சொன்னார்கள். சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டவர், ஜெர்மன் மொழி வல்ல இளைஞர் ரைஷ். வெளியே தெருவில் படையினரின் இசைத்தட்டிலிருந்து வால்ட்ஸ் இசை மிதந்து வந்தது. குடிபெயர்ப்பு என்றால் சாவு என்று எழுதும் கைக்குத் தெரிந்துவிட்டது. அன்றே அவர் தன் தியோபிலாவை மணந்துகொண்டார். மன்ற ஊழியரின் மனைவியென்றால் அந்த முதல் பட்டியலில் தப்பலாம் என்பதால்.

இதையெல்லாம் அவர் சொன்னது, நாவலில் எழுத்தெழுத்தாகக் கேலி செய்யப்பட்ட அதே உச்சரிப்பில்தான். அவையில் எவரும் சிரிக்கவில்லை.